ஓர் ஏரியும் 372 படங்களும்

படம் எப்படி அளவாகிறது?

ட்ரோன் எடுத்த படத்தில் ஒரு நெல்வயல் உள்ளங்கை அகலத்தில் தெரிகிறது. கைபேசியில் விரலை விரித்தால் பெரிதாகிறது, குவித்தால் சுருங்குகிறது. இப்படி நினைத்தபடி பெருத்துச் சிறுக்கும் படத்தை வைத்துக்கொண்டு, அந்த வயல் 1 ஏக்கர் 12 சென்ட் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? யாரும் வரப்பில் நடக்கவில்லை, சங்கிலி பிடிக்கவில்லை. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நாரைகள் கட்டிய கூடுகள் இத்தனை என்பதும் அதே படத்திலிருந்தே சொல்லப்படுகிறது. இலைக்கடியில் மறைந்திருக்கும் கூடு எந்தக் கணக்கில் சேர்கிறது?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட வந்தவாசிப் பக்கம் ஏற்ற இடம். கோரைப்பாய்க்குப் பெயர்போன அந்த ஊரைச் சுற்றி, வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரிகள் உள்ளன. கிழக்கே, நேர்க்கோட்டில் 30 கி.மீட்டருக்குள், வேடந்தாங்கல் இருக்கிறது. பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் பாதுகாப்பு ஆணை பெற்ற ஏரி அது. அங்கே கூடு கட்டும் பறவைகள் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் இரை தேடுகின்றன. நீரும் நிலமும் பறவையும் சேர்ந்து கிடக்கும் இப்படிப்பட்ட ஓர் ஊர் ஏரியை எடுத்துக்கொள்ளலாம். நீளம் 600 மீட்டர், அகலம் 500 மீட்டர். பரப்பு 30 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 74 ஏக்கர். கணக்கை விளக்குவதற்காகவே இந்த ஏரிக்கு இந்த எண்கள் தரப்படுகின்றன. அளக்கும் முறை நடைமுறையில் உள்ளதுதான்.

சங்கிலி பிடித்த காலம்

தரையில் அளப்பதன் அடிப்படை எளிது. பழைய நில அளவைச் சங்கிலி ஒன்றின் நீளம் 66 அடி. ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் கொண்ட நிலம் சரியாக ஓர் ஏக்கர். கோணல்மாணலான புலத்தைச் சர்வேயர் முக்கோணங்களாகப் பிரிப்பார்; ஒவ்வொரு முக்கோணத்தையும் தனித்தனியே அளந்து கூட்டுவார். பட்டாவோடு சேர்ந்து வரும் புலப்படம் இப்படித்தான் பிறந்தது.

நாடு முழுவதையும் அளக்கவும் முக்கோணமே உதவியது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஒரே ஒரு கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அது முடிய ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது. அந்த ஒரு கோடு துல்லியமாகக் கையில் இருந்ததால், அதற்குப் பிறகு பெரும்பாலும் கோணங்களை மட்டும் பார்த்தே மலைக்கு மலை தாவி அளவை இமயம் வரை சென்றது. ஒரு நீளத்தை ஐயமின்றி அறிந்தால், மற்ற நீளங்களை எட்ட நின்றே கணக்கிடலாம் என்பது அதன் தத்துவம். வானிலிருந்து அளப்பதும் இதே தத்துவத்தின்மேல்தான் நிற்கிறது.

மேலே ஏறிய கண்

1858-இல் நாதார் என்ற புனைபெயரால் அறியப்பட்ட பிரெஞ்சு ஒளிப்படக்காரர் பலூனில் ஏறிப் பாரிஸ் அருகே தரையைப் படம் பிடித்தார். 1924-இல், பர்மா இந்தியாவோடு சேர்ந்திருந்த காலத்தில், ஐராவதி ஆற்று முகத்துவாரக் காடுகள் விமானத்திலிருந்து படமெடுத்து அளக்கப்பட்டன. சேற்றிலும் ஓடையிலும் நடந்து அளக்க முடியாத காடு அது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள், முன்னால் சாய்ந்தும் பின்னால் சாய்ந்தும் பார்க்கும் இரண்டு கேமராக்களோடு பூமியைச் சுற்றியது. இன்று அதே வேலையை ஓர் ஊரின் அளவில் செய்வது ட்ரோன். படங்களிலிருந்து நீளம், பரப்பு, உயரம் ஆகியவற்றைக் கணக்கிடும் இந்தத் துறைக்கு ஒளிப்பட அளவியல் என்று பெயர் வைக்கலாம்.

ஒரு கட்டத்தின் அகலம்

மூன்றடி அகலமுள்ள சன்னலுக்கு இரண்டடி பின்னால் ஒருவர் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார் என்று கொள்வோம். சன்னலின் அகலம் கண்ணின் தொலைவைப் போல ஒன்றரை மடங்கு. ஆகவே அவரிடமிருந்து 200 அடி தள்ளியுள்ள மதிலில் 300 அடி நீளம் அவருக்குத் தெரியும். தொலைவு எவ்வளவானாலும் அந்த ஒன்றரை மடங்கு மாறாது.

கேமராவும் ஒரு சன்னல்தான். நில அளவைக்குப் பழகிய ஒருவகை ட்ரோன் கேமராவில், ஒளி விழும் சில்லின் அகலம் 13.2 மி.மீட்டர், லென்சுக்கும் சில்லுக்கும் இடைப்பட்ட தொலைவு 8.8 மி.மீட்டர். இங்கேயும் ஒன்றரை மடங்கு. அந்த ட்ரோன் 100 மீட்டர் உயரத்தில் நேர்கீழே பார்த்தால், படத்தின் குறுக்கே 150 மீட்டர் நிலம் அடங்கும். படத்தின் மறுபக்கம் 100 மீட்டர். ஒரு படத்துக்குள் ஒன்றரை ஹெக்டேர் விழுகிறது. 3 ஏக்கர் 71 சென்ட். உயரம் தெரிந்தால் பரப்பு தெரிகிறது என்பதே இதன் சாரம்.

படம் எவ்வளவு நுணுக்கமானது என்பது அடுத்த கேள்வி. ஆரணிப் பட்டுச் சேலையின் கரைக்குப் பூவோ அன்னமோ வரைபவர், முதலில் அதைக் கட்டம் போட்ட தாளில் வரைகிறார். ஒரு கட்டத்துக்கு ஒரு நிறந்தான். அதற்குள் பாதி சிவப்பு, பாதி பச்சை வைக்க முடியாது. கட்டம் சிறிதானால் பூவிதழின் வளைவு வழவழப்பாக வரும். ஒளிப்படமும் இத்தகைய கட்டங்களால் ஆனது. பிக்சல் என்று வழங்கும் இதைப் படக்கட்டம் என்று சொல்லலாம். மேலே சொன்ன கேமராவில் படத்தின் குறுக்கே 5,472 கட்டங்கள் உள்ளன. 150 மீட்டரை அத்தனையாகப் பங்கிட்டால், ஒரு கட்டத்துக்கு 2.7 செ.மீட்டர் நிலம் வருகிறது.

ஏரிக்கரையில் ஆறடிக்கு மூன்றடிக் கோரைப்பாய் ஒன்றை வெயிலில் விரித்திருந்தால், படத்தில் அது நீளத்தில் 66 கட்டமும் அகலத்தில் 33 கட்டமுமாக விழும். பாய் என்று தெளிவாகத் தெரியும்; பின்னிய கோரைத் தாள் ஒவ்வொன்றும் தெரியாது. கார்ட்டோசாட்-1 படத்தில் ஒரு கட்டமே இரண்டரை மீட்டர். அங்கே அந்தப் பாய் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாது.

ஒரு படம் ஏன் போதாது?

நிலம் மேசைபோல் சமமாக இருந்தால் கணக்கு இத்தோடு முடிந்துவிடும். ஆனால் ஏரியை ஒட்டி 5 மீட்டர் மேட்டில் ஒரு புன்செய் இருக்கிறது. ட்ரோனுக்கும் அதற்கும் உள்ள தொலைவு 95 மீட்டர்தான். அருகில் உள்ளது பெரிதாகத் தெரியும். மேடு என்பதை மறந்து அளந்தால், அந்தப் புன்செய்யின் ஓர் ஏக்கர் 111 சென்டாகக் கணக்கில் வரும். அண்டை வீட்டாரோடு வரப்புத் தகராறு மூள 11 சென்ட் போதும். ஆகவே பரப்பை அளக்கும் முன் உயரத்தை அளந்தாக வேண்டும்.

அதற்கு வழி நம் முகத்திலேயே இருக்கிறது. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு மறுகண்ணால் பார்த்தால் விரல் துள்ளும். தூரத்துச் சுவர் அவ்வளவு துள்ளாது. பார்க்கும் இடம் மாறினால் பொருள் நகர்வதுபோல் தெரிவதை இடமாறு தோற்றம் என்பார்கள். அருகில் உள்ளது அதிகம் நகரும். எட்ட உள்ளது குறைவாக நகரும்.

ட்ரோன் 20 மீட்டருக்கு ஒரு படம் எடுத்தபடி முன்னே செல்கிறது. அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால், ஏரித் தரையில் கிடக்கும் ஒரு கல் 730 கட்டம் நகர்ந்திருக்கும். 10 மீட்டர் உயர மரத்தின் உச்சி 811 கட்டம் நகர்ந்திருக்கும். மிகுதியாக வந்த அந்த 81 கட்டங்களுக்குள்தான் மரத்தின் உயரம் ஒளிந்திருக்கிறது. கணினி படத்துக்குப் படம் ஆயிரக்கணக்கான புள்ளிகளை அடையாளம் கண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, ஏரிக்கரை, மதகு, மரம், வரப்பு எல்லாவற்றுக்கும் உயரம் குறிக்கிறது. பிறகு ஒவ்வொரு புள்ளியையும் நேர்மேலே நின்று பார்த்ததுபோல் திருத்தி, எல்லாப் படங்களையும் ஒரே நேர்நோக்குப் படமாக இணைக்கிறது.

இதற்காகவே படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமைய வேண்டும். முன்னும் பின்னும் 80 விழுக்காடு, பக்கவாட்டில் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், பறக்கும் கோடுகளுக்கு இடையே 45 மீட்டர் வரும். 500 மீட்டர் அகலத்துக்கு 12 கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் 31 படங்கள். மொத்தம் 372. ஏர் உழுபவர் சால் ஓட்டுவதுபோல் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி, ட்ரோன் 7.2 கி.மீட்டர் பறக்கிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 24 நிமிடம். திரும்பும் நேரம் தனி.

தரையில் வைக்கும் குறி

இவ்வளவு செய்த பிறகும் அந்தப் படம் அந்தரத்தில்தான் மிதக்கிறது. ட்ரோனின் ஜி.பி.எஸ். சாதாரணமானதாக இருந்தால், அது சொல்லும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகும். வடிவம் சரியாக இருக்கும். ஆனால் ஏரி முழுவதும் பக்கத்துப் புலத்தின்மேல் நகர்ந்து உட்கார்ந்திருக்கும்.

அதனால் ட்ரோன் கிளம்புவதற்கு முன்பே ஆட்கள் நடந்தாக வேண்டும். சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையுமான அட்டைகளை ஏரியின் நான்கு மூலையிலும், கரையின் மேலும், மதகருகிலும் வைக்கிறார்கள். இவை தரைக்குறிகள். ஒவ்வோர் அட்டையின் நடுப்புள்ளியிலும் கம்பம் ஊன்றி, துல்லியக் கருவியால் இடம் குறிக்கிறார்கள். தன் இடம் ஐயமின்றித் தெரிந்த ஒரு நிலையான ஆதார நிலையம், செயற்கைக்கோள் சமிக்ஞையில் அந்த நேரத்தில் உள்ள பிழையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பிழையைக் கழித்தால் துல்லியம் இரண்டு மூன்று செ.மீட்டருக்கு இறங்கும். இந்திய நில அளவைத் துறை இத்தகைய நிலையங்களை நிறுவியுள்ளது. லாம்ப்டனின் பரங்கிமலைக் கோடு செய்த வேலையை இன்று இந்த நிலையங்களும் தரைக்குறிகளும் செய்கின்றன.

சில அட்டைகளைக் கணினிக்குச் சொல்லாமல் மறைத்து வைப்பதும் உண்டு. முடிந்த படத்தில் அவற்றின் இடத்தைப் பார்த்து, தரையில் அளந்ததோடு ஒப்பிட்டால், அளவை எத்தனை செ.மீட்டருக்கு நம்பத்தக்கது என்பது வெளிப்பட்டுவிடும்.

எது எல்லை?

மேலிருந்து வரப்பு தெரியும். வரப்பு யாருடையது என்பது தெரியாது. 2020 ஏப்ரல் 24 அன்று மத்திய அரசு தொடங்கிய ஸ்வமித்வா திட்டத்தில், ஊர்க் குடியிருப்பு நிலங்கள் ட்ரோனால் அளக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் நத்தம் என்று வழங்கும் வகை நிலம் இது. அங்கே பறப்பதற்கு முன் வீட்டுக்காரரும் அண்டை வீட்டாரும் ஊராட்சியினரும் வருவாய்த் துறையினரும் சேர்ந்து நின்று, எல்லை இதுதான் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். கேமரா பதிவு செய்வது அந்த ஒப்புதலைத்தான்.

ஏரியில் இன்னும் கவனம் வேண்டும். நீர் நிற்கும் விளிம்பு வேறு. ஏரியின் எல்லை வேறு. கார்த்திகையில் 30 ஹெக்டேர் விரிந்த நீர், வைகாசியில் மதகடிக் குட்டையாகச் சுருங்கலாம். வறண்ட ஆண்டில் எடுத்த படத்தை மட்டும் பார்ப்பவருக்கு, ஏரியின் பாதி தரிசாகத் தெரியும். அங்கே முளைத்த சீமைக் கருவேலம் காடுபோல் தெரியும். நேர்நோக்குப் படத்தின்மேல் புலப்படத்தை வைத்து, சர்வே கற்களைத் தேடிப் பொருத்தினால்தான் ஏரியின் முழு உரிமை வெளியே வரும். ஆக்கிரமிப்பு எங்கே நுழைந்தது என்பதும் அப்போதுதான் காட்டக்கூடியதாகிறது.

நீர் விளிம்பைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆகாயத்தாமரை மூடிய நீர், மேலிருந்து புல்வெளிபோல் தெரியும். இங்கே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி உதவுகிறது. நலமான இலை அந்த ஒளியை வலுவாகத் திருப்பி அனுப்பும். தெளிந்த நீர் அதை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். பருவந்தோறும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், ஆகாயத்தாமரை எவ்வளவு நீரை மூடியது என்பது பிடிபடும். இந்தியாவில் இந்த அகச்சிவப்பு வழியைத் தொடங்கிவைத்தவர் பி. ஆர். பிஷரோட்டி. 1970-ஐ ஒட்டி அவரது குழு கேரளத்தின் தென்னந்தோப்புகள்மேல் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்புப் படச்சுருளில் வேர்வாடல் நோய் கண்ட மரங்களைப் பிரித்துக் காட்டியது.

கூடுகளை எண்ணுதல்

இதே 372 படங்களில் பறவைகளும் விழுந்திருக்கின்றன. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள மஞ்சள் மூக்கு நாரை 36 கட்டம் பிடிக்கும். அரை மீட்டர் நீளமுள்ள சிறு நீர்க்காகம் 18 கட்டம். அதுவும் இருண்ட நீரின்மேல் கறுப்பாக இருப்பதால் எளிதில் தப்பிவிடும்.

பறவை இடம் மாறும். ஒரு படத்தில் வடக்கு மரத்தில் இருந்த நாரை, பத்து நிமிடம் கழித்து எடுத்த படத்தில் தெற்கு மரத்தில் இருந்தால் இரண்டாகக் கணக்காகும். கூடு இடம் மாறாது. ஆகவே இனப்பெருக்கக் காலத்தில் கூட்டை எண்ணுவதே நம்பத்தக்கது. கணினிக்கு வெள்ளைப் புள்ளியைத் தேடக் கற்றுக்கொடுத்தால் அது வேகமாக எண்ணும். ஆனால் பறவைகள் நெருங்கி வாழும் மரத்தில் இலையும் கிளையும் எச்சம் படிந்து வெளுத்திருக்கும்; அந்த வெள்ளையையும் கணினி பறவை என்று எண்ணிவிடும். பழகிய மனிதக் கண் சரிபார்த்த பிறகே எண்ணிக்கையை ஏற்கலாம்.

அப்படிச் சரிபார்த்துப் படத்தில் 400 கூடுகள் கிடைத்தன என்று கொள்வோம். இலைக்கடியில் உள்ளவை இதில் இல்லை. அவற்றுக்காக மீண்டும் தரைக்கு வர வேண்டும். மரங்களுக்கு எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கிப் பத்து மரங்களை எடுக்கிறார்கள். கரைக்குப் பக்கத்தில் வசதியாக நிற்கும் மரங்களையே எடுத்தால் கணக்கு கோணும். படகில் போய் அந்தப் பத்து மரங்களையும் அடிமுதல் உச்சிவரை தொலைநோக்கியில் பார்த்தால் 60 கூடுகள் உள்ளன. அவற்றில் படத்தில் தெரிந்தவை 45. நான்கில் மூன்று பங்குதான் மேலிருந்து தெரிகிறது. ஆகவே 400 என்பதும் மொத்தத்தில் முக்கால் பங்கு; மொத்தம் ஏறத்தாழ 533.

வேறு பத்து மரங்கள் சீட்டில் வந்திருந்தால் 45-க்குப் பதில் 40 அல்லது 50 தெரிந்திருக்கலாம். அப்போது மொத்தம் 600 ஆகவோ 480 ஆகவோ மாறும். ஆகவே 533 என்று மட்டும் எழுதாமல், 480 முதல் 600 வரை இருக்கலாம் என்றும் சேர்த்து எழுதுவதே நேர்மையான அறிக்கை.

இருந்தும் தெரியாதது, தெரிந்தும் தப்பியது

விடுபடுதல் இரண்டு வகை. இலைக்குள் மறைந்த கூடு எந்தக் கண்ணுக்கும் எட்டாது. வெளியே தெரியும் கூடு, எண்ணுபவரின் அயர்வால் தப்பும். கடலில் ஆவுளியா எனும் கடற்பசுக்களை விமானத்திலிருந்து எண்ணிய ஆஸ்திரேலிய அறிஞர் ஹெலின் மார்ஷ் இந்த இரண்டையும் பிரித்துத் திருத்தும் முறையை வளர்த்தார். ஆவுளியா மூச்சுக்காக மேலே வரும்; மற்ற நேரம் கலங்கிய நீருக்குள் மறைந்திருக்கும். அது எவ்வளவு நேரம் பார்வைக்கு எட்டும் ஆழத்தில் இருக்கிறது என்பதைத் தனியே அறிந்து முதல் பிழையைத் திருத்துகிறார்கள்.

இரண்டாவது பிழைக்கு, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காதபடி இருவர் தனித்தனியே எண்ணுகிறார்கள். முதலாமவர் 20, இரண்டாமவர் 15. இருவருமே கண்டவை 12 என்று கொள்வோம். இரண்டாமவர் கண்ட 15-இல் முதலாமவர் 12-ஐக் கண்டிருக்கிறார். அதாவது ஐந்துக்கு நான்கு. அவர் கண்ணின் கூர்மை அவ்வளவு என்றால், அவர் கண்ட 20-உம் மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கே. மொத்தம் 25. இருவரும் சேர்ந்து கண்டவை 23; எவர் கண்ணிலும் படாத இரண்டையும் இந்த முறை கணக்கில் சேர்த்துவிடுகிறது. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 21 அன்று தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்கரையை ஒட்டிய 448 சதுர கி.மீட்டர் பரப்பைப் பாக் விரிகுடா கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. அங்கு வாழும் சிறு கூட்டத்துக்கு இத்தகைய கவனமான எண்ணிக்கை உயிர்நாடி.

பரந்த நிலத்தில் எல்லாவற்றையும் எண்ண முடியாது. பட்டை பட்டையாகத்தான் எண்ண முடியும். ஆப்பிரிக்காவில் 18 நாடுகளில் நடந்து 2016-இல் வெளியான பெரும் யானைக் கணக்கெடுப்பு 3,52,271 புல்வெளி யானைகளை மதிப்பிட்டது. சிறு விமானத்தின் இறக்கைத் தாங்கியில் இரண்டு குச்சிகளைப் பொருத்தி, அவற்றுக்கிடையே தெரியும் நிலப்பட்டையில் உள்ள யானைகளை மட்டும் எண்ணுவது அதன் வழி. முதுமலையின் மரக்கூரைக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே யானை நிழலுக்குள் நிற்கும். அதனால் இந்தியக் காடுகளில் இன்னும் நடந்துபோய் யானையையும் அதன் சாணக் குவியலையும் எண்ணுகிறார்கள்.

பறப்பதற்கு முன்

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதியின்றிப் பறக்கலாம். 100 மீட்டர் என்பது 328 அடி. சரணாலயத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. அங்கே வனத்துறையின் அனுமதி வேண்டும். காரணம் பறவைகளே. தாழப் பறக்கும் ட்ரோனைக் கண்டு தாய் எழுந்தால், குஞ்சு வெயிலிலும் காக்கையின் கண்ணிலும் படும். உயரத்தைக் குறைத்தால் படக்கட்டம் நுணுக்கமாகும், கூடு கலையும். ஆகவே எழும்பும் இடத்தை மரங்களிலிருந்து தள்ளி வைத்து, முதல் கோட்டிலேயே பறவைகளின் போக்கைத் தொலைநோக்கியில் கவனித்து, அவை கலைந்தால் உடனே நிறுத்துவது முறை.

ஒருமுறை அளந்தால் ஏரியின் நிலை தெரியும். அது எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாது. அதற்கு அடுத்த ஆண்டும் அதே மாதத்தில், அதே உயரத்தில், அதே 12 கோடுகளில், அதே தரைக்குறிகளோடு பறக்க வேண்டும். உயரமும் தேதியும் நேரமும் குறிகளின் இடமும் சீட்டில் வந்த மர எண்களும் அதனால்தான் படங்களோடு சேர்த்துப் பதிவாகின்றன. அந்தக் குறிப்பு இருந்தால், கரை எங்கே கரைந்தது, கருவேலம் எத்தனை சென்ட் முன்னேறியது, கூடுகள் கூடினவா குறைந்தனவா என்பதை யார் வேண்டுமானாலும் மீண்டும் அளந்து சரிபார்க்கலாம்.